உன் பெயருள்ள சிப்பி

முகிலா, நீ ஷூவும் ஸ்வெட்டரும் வாங்கத் திருச்சிக்குப் போயிருக்கிறாய். சாயங்காலம்தான் திரும்புவாய் என்பதால் இதை எழுத உட்கார்ந்தேன். நேரில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். ஒரு தடவை நீ தோசைக்கு இன்னும் சட்னி கேட்டாய். ஒரு தடவை உன் அப்பா வந்துவிட்டார். மூன்றாவது தடவை யாரும் வரவில்லை, எனக்குத்தான் வாய் எழவில்லை. எழுதினால் பாதியில் எழுந்து போக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் நேர்முகத் தேர்வு முடிந்ததும் பெங்களூரிலிருந்து போன் செய்தாயே, அன்றைக்கு நீ முதலில் சொன்னது ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த செய்தி அல்ல. "அம்மா, அஞ்சு நிமிஷம் எஞ் சிப்பியப் பத்தியே பேசிட்டிருந்தாங்கம்மா. பேரைப் பாத்துட்டு, அந்த முகிலன் நீதானாப்பான்னு கேட்டாங்க" என்றாய். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். ரிசீவரை வைத்ததும் உன் அப்பா, "என்னாச்சு, எடம் கெடைக்கலயா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

அந்தச் சிப்பியின் கதை நம் வீட்டில் எப்படிச் சொல்லப்படும் என்று உனக்குத் தெரியும். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், ஒரு காலத்தில் கடலாக இருந்த மண்ணில், கல்லாகிப்போன ஒரு சிப்பி கிடைத்தது. அதுவரை உலகத்தில் யாரும் எழுதாத இனம். அதை என் பி.எச்டி. கைடும் நானும் சேர்ந்து ஆய்விதழில் எழுதினோம். கைடு என் மேல் இருந்த அன்பினால் அந்த இனத்துக்கு உன் பெயரை வைத்தார். பதின்மூன்று வயதில் அந்த இதழைப் பள்ளிக்கு எடுத்துப்போய் ஹெட்மாஸ்டரிடம் காட்டினாய். அசெம்பிளியில் உன்னைக் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார்கள். அன்றிலிருந்து இந்தப் படிப்பைத் தவிர வேறு எதையும் நீ யோசிக்கவில்லை. நீ கிளம்பிப் போவதே அந்தச் சிப்பியைப் பிடித்துக்கொண்டுதான். இந்தக் கதையில் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் அதில் இரண்டு பேரைக் காணோம். அவர்களை வெளியே நிறுத்தியது நான்.

முதலாமவர் தங்கவேல் சார். உனக்கு அவரைத் தெரியும், தெரியும் என்பது உனக்குத் தெரியாது. அரியலூரில் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தார். அவருடைய அப்பா காலம்வரை குடும்பமே அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். அந்த வீட்டில் முதலில் பி.எஸ்ஸி. படித்தவர் இவர். சனி, ஞாயிறு ஆனால் சைக்கிளில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு ரெட்டிபாளையம் பக்கம் ஓடைகளிலும் சுரங்கத்து ஓரங்களிலும் கல்லுச்சிப்பி பொறுக்கப் போய்விடுவார். நான் பெரம்பலூரில் கல்லூரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாணவிகளை அங்கே கூட்டிப் போனேன். அவர்தான் வழி காட்டினார். ஒரு ஓடைக்கரையில் ஒற்றை வேப்பமரம் நின்றது. அதன் கீழே புளிசாதம் சாப்பிட்டோம். மரத்தின் வேருக்குக் கீழே மஞ்சளாக ஒரு மெல்லிய மண் அடுக்கு ஓடியது. "இந்த அடுக்குல ஒண்ணு வருதுங்க மேடம். எந்தப் புத்தகத்துலயும் இல்லாத சிப்பி. மொதல்ல பாத்தது நான் இல்ல, அந்தம்மா" என்று சொல்லி, சுரங்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டினார். அந்தப் பெண் அஞ்சலை. மற்ற சிப்பிகளுக்கு விலா எலும்புபோல வரிகள் இருக்கும், இதற்கு மட்டும் ஓரத்தில் ஒரு மடிப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து, உடைக்காமல் தனியாக எடுத்து வைத்தவள். படிக்காதவள். ஆனால் நூறு சிப்பிக்கு நடுவில் அதை மட்டும் விரலால் தடவியே எடுத்துவிடுவாள் என்றார். நான் தலையாட்டினேன். மாணவிகளை பஸ் ஏற்றும் கவலையில் இருந்தேன்.

சில வருடம் கழித்துத் திருச்சியில் பகுதிநேரமாக பி.எச்டி. சேர்ந்தேன். எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியாட்கள் எழுதிய கட்டுரையை அச்சிடலாமா என்று கேட்டு ஆய்விதழ்கள் கைடுக்கு அனுப்பும். அதைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது மாணவர்களான எங்கள் வேலை. அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். கட்டுரை எழுதியவருக்கு மதிப்பிட்டது யார் என்று சொல்ல மாட்டார்கள். ஆக, அந்த ரிப்போர்ட்டை உண்மையில் எழுதியவள் இரண்டு திரைகளுக்குப் பின்னால் இருந்தாள். இதைப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டோம். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. எனக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உனக்குப் பதினொரு வயதானபோது அப்படி வந்த ஒரு உறையைக் கைடு என்னிடம் கொடுத்தார். முதல் பக்கத்தில் தங்கவேல் சாரின் பெயர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அடித்த பதினாலு பக்கம், கையால் வரைந்த படங்கள். இங்கிலீஷ் தடுமாறியது, ஆனால் அளவுகள் அத்தனையும் சரி. கடைசிப் பக்கத்தில் அந்த இனத்துக்கு அவர் வைத்த பெயர், லத்தீன் வாலோடு அஞ்சலையின் பெயர். கீழே ஒரு வரி: சுரங்கத் தொழிலாளியான இவரே இதை முதலில் வேறாகக் கண்டவர்.

அப்போதே உறையை மூடி, "சார், இவரை எனக்குத் தெரியும், நான் இதைத் தொடக் கூடாது" என்று திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நான் செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்குப் பெரிய தைரியம்கூடத் தேவைப்பட்டிருக்காது. கைடு படங்களைப் பார்த்துக்கொண்டே எழுந்துபோய் மர பீரோவைத் திறந்தார். "ஏம்மா, இது நம்மகிட்டயே இருக்கே. பசங்க டூர் போனப்ப பொறுக்கிட்டு வந்தது, பாக்கவே நேரமில்லாம கெடக்கு" என்றார். தூசு படிந்த தட்டில் அதே மடிப்போடு ஏழெட்டு சிப்பிகள். "நம்ம கைக்கு மொதல்ல வந்ததுதானே இது? அவர் இன்னும் கொஞ்சம் வேல பண்ணட்டும். நீ நல்லாக் கேள்வி கேட்டு எழுது. அவசரமில்ல" என்றார். அவசரமில்லை என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. புதிய இனத்துக்கு யார் முதலில் பெயர் வைத்து அச்சிடுகிறார்களோ, அந்தப் பெயர்தான் நிற்கும். ஒரு நாள் முந்தினாலும் போதும்.

எழுதினேன், முகிலா. இரண்டு மாதம் வைத்திருந்து எழுதினேன். இன்னும் முப்பது மாதிரிகளை அளக்க வேண்டும், வேப்பமரத்தடி அடுக்கை மறுபடி தோண்டிப் பார்க்க வேண்டும், அதை இதை ஒப்பிட வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். கேள்விகள் எல்லாம் நியாயமானவை. அதுதான் அதில் உள்ள கொடுமை. யார் படித்தாலும் அக்கறையான ரிப்போர்ட் என்றுதான் சொல்வார்கள். கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன். கைடு சொல்லவில்லை. கூலித் தொழிலாளி ஒருவரின் பெயரை இனத்துக்குச் சூட்டுவது உணர்ச்சிவசப்பட்ட செயல், அறிவியல் இதழுக்குப் பொருந்தாது என்று எழுதினேன். எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை. ஏன் எழுதினேன் என்று பதினோரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் கையெழுத்தில்லாத காகிதம் என்பதால் எழுதினேன் என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பதில். அதன் கார்பன் நகல் உன் பர்த் சர்டிபிகேட் இருக்கும் ஃபைலில், கடைசியில் இருக்கிறது.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. நீதான் கதவைத் திறந்தாய். தங்கவேல் சார், கையில் ஜவுளிக்கடைப் பை. நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். "தம்பி பேரென்ன?" என்றார். "முகிலன்." "நல்ல பேரு. யாரு வெச்சது?" "அம்மா." உனக்கு ஒரு உடைந்த சிப்பியைக் கொடுத்தார். அதை நீ ரொம்ப நாள் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தாய். நீ உள்ளே போனதும் பையிலிருந்து என் ரிப்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எனக்கு இங்கிலீஷ் பத்தாதுங்க மேடம். நீங்க ஒருவாட்டி சொன்னீங்கன்னா சரியாத் திருத்திடுவேன்" என்றார். நான் எழுதியதை நானே அவருக்குத் தமிழில் சொன்னேன், வரிவரியாக. "இதக் கேக்கறாங்க சார், அதக் கேக்கறாங்க சார்" என்று, யாரோ தூரத்தில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்வதுபோல. அவர் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "யாரோ நல்லாப் படிச்சவங்க எழுதிருக்காங்க. கேள்வியெல்லாம் நல்ல கேள்விங்க" என்றார். கடைசி வரி வந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது மட்டும் வெளங்கல. என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் நோட்டை மூடினார். "அந்தம்மாகிட்ட சொல்லிட்டேங்க, பேரு வரும்னு" என்றார். பிறகு என்னையே பார்த்தார். அந்தப் பார்வை ஏன் அவ்வளவு நேரம் நின்றது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நான் எழுந்து காபி போடப் போய்விட்டேன்.

ரிப்போர்ட்டில் கேட்டபடி எல்லாம் அவர் செய்தார். மறுபடி தோண்டப் போனபோது சுரங்கம் விரிந்து அந்த ஓடைக்கரை பாதி போயிருந்தது. முப்பது மாதிரி சேர்க்க ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் எங்கள் கட்டுரை வேறொரு இதழில் வந்துவிட்டது. அச்சுக்குப் போகும் முன்பு கைடு, "பேரு என்ன வெக்கலாம்? ஒம் பையன் பேரையே வெச்சுடுவோம்மா. நீதானே ராத்திரி பகலா ஒழச்ச" என்றார். அவர் கெட்டவர் அல்ல. உன் அப்பா டைபாய்டில் கிடந்தபோது தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். உன் சேர்க்கைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியதும் அவர்தான். அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சந்தோஷம் சார் என்றேன். தங்கவேல் சாரின் திருத்திய கட்டுரைக்கு, இந்த இனத்துக்கு ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது என்று பதில் போனது. அவர் பெயரோ அஞ்சலையின் பெயரோ எங்கும் அச்சாகவில்லை. நீ எந்த நூலகத்தில் தேடினாலும் அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

அதன்பின் உன்னைச் சாப்பிடக் கூப்பிடும்போது, "முகிலா" என்று வாயெடுத்ததும், சில நாள் "யாரு வெச்சது?" என்ற குரல் எனக்குக் கேட்கும். அசெம்பிளியில் கைதட்டியதை நீ வந்து சொன்ன அன்றும் கேட்டது. அரியலூர் பஸ்ஸில் இரண்டு தடவை அவரைப் பார்த்தேன். இரண்டு தடவையும் அவர் வணக்கம் சொன்னார். இரண்டாம் தடவை நான் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன். இப்போது நானே ஆய்விதழ்களுக்கு ரிப்போர்ட் எழுதுகிறேன். அவற்றின் கீழே என் பெயரைப் போடுகிறேன். கட்டாயமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள், இருந்தாலும் போடுகிறேன். அதைக் கண்ணியம் என்று நினைத்துவிடாதே. அது பயம்.

உனக்கும் ஒரு நாள் அப்படியொரு உறை வரும். தெரிந்தவரின் பெயர் இருந்தால் படிக்காமலே திருப்பி அனுப்பு. உன் பீரோவில் இருப்பதைப் போலவே அதில் ஏதாவது இருந்தால், முதலில் அதைச் சொல், பிறகு படி. அடுத்தவர் எழுத்து உன் மேசையில் இருக்கிறவரை உன் தட்டைத் தூசு தட்டாதே. உன் வேலையை உன்னிடம் படிப்பவர்கள் தலையில் கட்டாதே. எழுதியவரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத வரியை எழுதாதே. நான் என் வரியை அவர் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்த்தவள், அதனால் சொல்கிறேன்.

உன் போன் வந்த மறுநாள் கைடைக் கூப்பிட்டேன். இரண்டு இதழ்களுக்கும் நடந்ததை எழுதப்போகிறேன் என்றேன். "பத்து வருசம் ஆச்சேம்மா. எல்லாரும் பண்றதுதான். பையன் கெளம்பற நேரத்துல ஒனக்கேன் இது? அவன் லெட்டர்ல இருக்கறதே என் கையெழுத்துதான், யோசிச்சுக்க" என்றார். மிரட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். யோசித்தேன். மூன்று வாரம் யோசித்தேன்.

பிறகு, போன ஞாயிறு, அரியலூர் போனேன். தங்கவேல் சார் ஓய்வு பெற்றுவிட்டார். வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "சார், அந்த ரிப்போர்ட்டை எழுதினது நான்" என்றேன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தெரியுங்க மேடம்."

"எப்ப இருந்து?"

"மொத நாள்லேர்ந்து. அதுல வேப்பமரத்தடின்னு இருந்துச்சு. நான் எழுதுனதுல மரமே கெடையாது. அத வெட்டி ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. அந்த அடுக்கு மரத்தடியில ஓடுச்சுன்னு தெரிஞ்ச ஆளுங்க, நான், அஞ்சல, அப்புறம் புளிசாதம் சாப்ட்ட நீங்க." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "எனக்கு அந்த இங்கிலீஷ் புரியாம ஒண்ணும் வரலங்க. நீங்களே சொல்லிடுவீங்கன்னுதான் வந்தேன். காபி போடப் போயிட்டீங்க."

முகிலா, நான் பதினோரு வருடமாக அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் அத்தனை வருடமும் நான் சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறார். பஸ்ஸில் சொன்ன வணக்கம் இரண்டும் அதற்குத்தான்.

நான் கேட்டதால் என்னை அஞ்சலையிடம் கூட்டிப்போனார். இப்போது அவள் கல் உடைப்பதில்லை. மகன் டிப்பர் லாரி ஓட்டுகிறான், ஓட்டு வீடு. என்னை மேலும் கீழும் பார்த்து, "இவங்கதானா, எம் பேரு ஆவாதுன்னு எழுதுனவங்க?" என்று அவரிடம் கேட்டாள். அவர் ஆமாம் என்றார். "ஒக்காருங்க. நாக்காலி இல்ல, பாய்தான்." உட்கார்ந்தேன். நான் சொல்ல வந்ததை எல்லாம் சொன்னேன். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள். "கல்லுக்கு எம் பேர வெச்சிருந்தா கூலிய ஏத்தியா குடுத்திருப்பான்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "பள்ளிக்கொடத்து ரிஜிஸ்தர்ல எம் பேரு இல்ல. எம் பேரு இருக்கற காயிதம் ரேசன் கார்டு ஒண்ணுதான். இன்னொரு காயிதத்துல வரும்னு வாத்தியாரு சொன்னாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

நான் கிளம்பும்போது உள்ளே போய்த் தண்ணீர்க் குடத்தின் அடியில் முட்டுக்கொடுத்திருந்த ஒரு கல்லை உருவிக்கொண்டு வந்தாள். புடவையில் துடைத்து என் கையில் வைத்தாள். அதே சிப்பி, முழுசாக, ஓரத்து மடிப்புகூட உடையாமல். அங்கே இனி அது கிடைக்காது. அந்த அடுக்கு முழுவதும் சிமென்டாகிவிட்டது. "ஒங்க மவனுக்குக் குடுங்க. பேரு அவனுதுதானே" என்றாள். கோபமாகச் சொன்னாளா, இல்லையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குடம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வேறொரு கல்லைத் தேடி வைத்துவிட்டு வந்தோம்.

இரண்டு இதழ்களுக்கும் கடிதங்களை நேற்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்காமல் அனுப்பினேன். கேட்டிருந்தால் அந்தப் பாரத்தில் பாதி உன் தலையில் ஏறியிருக்கும். என் பட்டத்தைப் பற்றிக் கல்லூரியில் கேட்பார்கள், கேட்கட்டும். உன் புதிய இடத்தில் என்ன ஆகும் என்று தெரியாது. கைடின் கையெழுத்தை அவர்கள் மறுபடி பார்ப்பார்களோ, உன்னையும் கூப்பிட்டுக் கேட்பார்களோ. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனத்தின் பெயர் மட்டும் மாறாது. விதி அப்படி. எத்தனை பேர் வந்து உண்மையைச் சொன்னாலும், முதலில் அச்சான பெயர் நிற்கும். நீ இருக்கிறவரை, நீ போன பிறகும், அது உன் பெயரில்தான் கிடக்கும்.

அந்தச் சிப்பியைப் பஞ்சில் சுற்றி ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் போட்டு, உன் சூட்கேஸில் ஸ்வெட்டருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். கூடவே ஒரு சீட்டு. மாதிரிகளோடு வைப்போமே, அதே சீட்டுதான். இனம், இடம், அடுக்கு, கண்டெடுத்தவர் என்று நாலு வரி. கடைசி வரியை மட்டும் நான் நிரப்பிவிட்டேன். அஞ்சலை, ரெட்டிபாளையம். அந்தப் பெயரை ஒரு தடவையாவது என் கையால் எழுத வேண்டியிருந்தது. முதல் வரி, இனத்தின் பெயர், காலியாக இருக்கிறது. அங்கே உன் பெயரை நீதான் எழுத வேண்டும்.

அம்மா